ஏபிசி என்கிற வெளியீட்டுக் கட்டணம் கட்டாமல் ஓப்பன் ஆக்சஸ்: எங்கள் கட்டுரை வெளிவந்த வழி

தலைஞாயிறு பக்கம் கடைமடை வயல்களில் உப்பு ஏறுவது பற்றிய எங்கள் ஆய்வுக்குப் பணம் பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூ.கே.ஆர்.ஐ.யிலிருந்து, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் வழியாக வந்தது. மண் எடுத்ததும் உப்பை அளக்கும் ஈ.சி. மீட்டர் பிடித்ததும் நாங்கள் என்பதால், ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தராக என் பெயர். வம்பு அதில்தான் ஆரம்பித்தது.

2022 ஏப்ரல் 1 முதல் அனுப்பப்படும் கட்டுரைகளுக்கு யூ.கே.ஆர்.ஐ. விதி கறாரானது. வெளியான அன்றே யாரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும். பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்கிற சிசி-பை உரிமம் வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பூட்டி வைக்கும் பேச்சே கூடாது. நாங்கள் எழுத நினைத்த ஜர்னலோ சந்தா கட்டிப் படிக்கிற ரகம். ஏபிசி கட்டினால் திறந்துவிடுவார்கள்தான். அந்தத் தொகையைக் கல்லூரியில் சொன்னால் லேபுக்கு ஒரு கருவி வாங்கலாமே என்பார்கள், அதுவும் நியாயம்தான். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பதிப்பகங்களோடு போட்டுள்ள ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கரஸ்பாண்டிங் ஆத்தர் அவர்கள் ஆளாக இருந்தால்தான் உதவும். 2025-ல் வந்த, ஜர்னல்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் நம் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் முக்கியமாகப் படிப்பதற்கான ஏற்பாடு.

வழி சொன்னவர் திருவாரூரில் நூலகராக இருக்கும் நண்பர். "காசு எதுக்கு சார்? ஒரு வரி போதும். ஆனா அனுப்பும்போதே போட்டுடணும். அக்செப்ட் ஆன பிறகு போட்டா சண்டைதான் மிஞ்சும்."

ஏற்றுக்கொள்ளப்படும் கைப்பிரதிக்கு ஆசிரியர் சிசி-பை உரிமம் அளித்துவிட்டார் என்பதே அந்த வரி. அது இருந்தால் அந்தக் கைப்பிரதியை நாங்களே இலவசமாகத் திறந்து வைக்கலாம். நிதி விவரத்தோடு சேர்த்துக் கட்டுரையிலும் கவர் லெட்டரிலும் போட்டோம். கட்டுரை தேறியதும் வந்த ஒப்பந்தப் படிவத்தில், கைப்பிரதியைத் திறந்து வைக்கப் பன்னிரண்டு மாதத் தடை என்று ஒரு விதி இருந்தது. கையெழுத்துப் போடாமல், கவர் லெட்டரைச் சுட்டிக்காட்டி எழுதினேன். கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் அந்த விதி இல்லாத படிவம் வந்தது. ரிவ்யூ திருத்தங்கள் முடிந்த எங்கள் வேர்டு கோப்பைத்தான் பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றினோம். ஜர்னல் அச்சுக்கோத்த பிடிஎஃப்பை அப்படி ஏற்ற முடியாது.

நம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி), உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) பணத்தில் செய்தவர்களுக்கு 2014 கொள்கை: தேறிய இரண்டு வாரத்துக்குள் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆனால் ஜர்னலின் தடைக்காலம் முடியும்வரை மூடி வைக்க இடமுண்டு.

எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது தரவு அறிக்கை. தரவு எங்கே, எப்படிக் கிடைக்கும் என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். எங்கள் அட்டவணையில் சர்வே எண்ணும் ஜிபிஎஸ் புள்ளியும் இருந்தன. மண் எடுக்கும்போதே ஒரு விவசாயி கேட்டிருந்தார்: "உப்பு நெலம்னு எழுதிட்டீங்கன்னா நாளைக்கு எவன் சார் வாங்குவான்?" நல்லவேளையாக, எல்லாவற்றையும் அப்படியே திறந்து வைக்கும்படி விதி சொல்லவில்லை; காரணம் சொல்லிக் கட்டுப்படுத்தலாம். ஊர் அளவில் தொகுத்த எண்களை ஜெனோடோ என்கிற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போட்டோம், அதற்குக் கட்டணம் இல்லை. வயல்வாரி விவரம் நில உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டும் தரப்படும் என்று அறிக்கையில் எழுதினோம். ரிவ்யூவர் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.