இரண்டாம் பக்கம், கடைசி வரி

அக்காவைக் கூட்டிக்கொண்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு மூன்று நடை நடந்த பிறகுதான், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது. அதில் புகாரின் விவரமாக எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: ‘குடும்பத் தகராறு.’

தவறு எங்கள் பக்கமும் உண்டு. பத்து வருடக் கதையை அக்கா இரண்டரைப் பக்கத்துக்குக் கொட்டியிருந்தாள்: சீர்வரிசை, மாமியாரின் ஏச்சு, அடகுக்குப் போன வளையல். மேசையிலிருந்த பெண் காவலர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. “அடித்து எத்தனை நாள் ஆகிறது? ரத்தக் காயம் இருக்கிறதா?” என்று இரண்டு கேள்வி. காயம் இல்லை என்றதும், “ஞாயிற்றுக்கிழமை அவரையும் வரச் சொல்கிறோம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘கழுத்தைப் பிடித்து அழுத்தினார், கண் இருட்டிவிட்டது.’

ஞாயிறன்று அக்காவின் கணவர் சலவைச் சட்டையில் வந்து, எல்லோருக்கும் வணக்கம் வைத்து, ‘இனி நடக்காது’ என்று எழுதிக் கொடுத்தார். அன்றே அக்காவை அவரோடு அனுப்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக எனக்கு விழுந்த ஏச்சு தனிக் கதை.

அரசு மருத்துவமனையிலும் கோட்டைவிட்டோம். விபத்துப் பதிவேட்டில் கைச் சிராய்ப்பு மட்டும் ஏறியது. கழுத்தைப் பற்றி நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கழுத்தை நெரித்தால் வெளியே தடம் தெரியாமலே போகலாம். குரல் கம்முவதும், விழுங்கும்போது வலிப்பதும், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிவதும்தான் அடையாளம். அக்காவுக்கு நான்கு நாள் தொண்டை கட்டியிருந்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

பிறகு பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தோம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். முதல் நாள் வீண் அலைச்சல். அவர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் அந்த அம்மாள் கதை எதுவும் கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்தாரா? கொன்றுவிடுவேன் என்றாரா? தானே செத்துப்போவதாக மிரட்டினாரா? நீங்கள் பிரிந்து வந்த பிறகு பின்தொடர்கிறாரா? முன்பைவிட அடி கூடியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பின்னால், “தேதி?” என்றார். முதலில் அழுத அக்கா, மெல்ல நாள் தேடத் தொடங்கினாள். “பிள்ளையின் ஆண்டு விழாவுக்கு முந்தைய ராத்திரி.” அது போதும் என்று எழுதிக்கொண்டார்.

குடும்ப வன்முறை அறிக்கையான 1-ஆம் படிவம் பலருக்கும் தெரியும். 5-ஆம் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள பாதுகாப்புத் திட்டம் அது. நடந்த வன்முறை, அதன் விளைவு, இனி என்ன நடக்கும் என்ற பயம், அதைத் தடுக்க என்ன தேவை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. பெண்ணின் சம்மதத்தோடு, அவளைக் கலந்துகொண்டு காவல் அதிகாரியே நிரப்பலாம். நிலையத்தில் கேட்டபோது, “அப்படி ஒரு படிவமே கிடையாது” என்றார்கள். அடுத்த முறை விதிகளின் அச்சுப் பிரதியோடு போனேன். குரல் கொஞ்சம் இறங்கியது.

புகார் எழுதப்போகிறவர்கள் கழுத்து, கொலை மிரட்டல், பின்தொடர்தல் ஆகியவற்றை முதல் பத்தியிலேயே வையுங்கள். வளையல் பின்னால் வரட்டும். பிரிந்து வந்த நாளையும் எழுதுங்கள். அதற்குப் பிந்தைய வாரங்களில்தான் ஆபத்து அதிகம்.

நீதிமன்றத்தில் மனு கொடுத்தால், முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. அன்றே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. நகலோடு நிலையத்துக்குப் போனோம். அதே பெண் காவலர் நின்றபடியே படித்தார்.

“கழுத்தையா நெரித்தார்? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?”

“இரண்டாம் பக்கம், கடைசி வரி” என்றேன்.