சேதுக்கரைக்கு முன்னால் அரண்மனைக்குப் போங்க

ராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டி நேராக தனுஷ்கோடிக்குத்தான் ஓடுகிறார்கள். போகட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். எனக்கென்னவோ ராமர் அணை கட்டியதாகச் சொல்லும் கடற்கரையான சேதுக்கரைதான் பிடிக்கும், அதுவும் ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே இருக்கும் ராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டுப் போனால்.

ராமநாதபுரத்தை ஆண்ட ராஜா கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை அது. சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சுவர், தூண், வளைவு, மேல்விதானம் என்று எங்கு திரும்பினாலும் படம்தான், சிவப்பும் காவியுமாக. ராமாயணமும் பாகவதமும் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த சண்டை வரும், அப்புறம் பார்த்தால் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் ராஜாவைப் பார்க்க வந்து நிற்பார்கள். சாமி கதை எங்கே முடிந்து ராஜா கதை எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. வரையச் சொன்னவருக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்: ராமர் அணை கட்டிய கரைக்கு நான்தான் காவல் என்று ஊருக்கும் வெள்ளைக்காரனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேதுபதி என்ற பட்டமே அந்த உரிமையில் வந்ததுதானே.

அங்கிருந்து திருப்புல்லாணி சுமார் 10 கிலோமீட்டர். கடலரசனிடம் வழி கேட்டு தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் ராமர் அங்கே இருக்கிறார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் சேதுக்கரை.

கோட்டை கிடையாது, கொத்தளம் கிடையாது. கடலைப் பார்த்தபடி ஒரு ஆஞ்சநேயர் கோயில், மணல், நாலு வள்ளம், ரொம்ப தூரம் வரை ஆழமே இல்லாத மன்னார் வளைகுடாத் தண்ணீர், அவ்வளவுதான். இந்தக் கரையை வைத்தா அத்தனை சுவரையும் நிரப்பினார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் ராஜ்ஜியம் போய், ஜமீனும் போன பிறகும், அமாவாசைக்கு அமாவாசை முன்னோருக்குத் திதி கொடுக்க சனம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ராஜா தன் பேரில் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது இந்தக் கூட்டத்தைத்தான்.

ஆடி, தை அமாவாசைகளில் கால் வைக்க இடம் இருக்காது, கடல் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் கண்ணைத் திறக்க விடாது. கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் அரண்மனை, ஊரிலேயே சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் திருப்புல்லாணி, கடைசியாகக் கடல் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.