என் உள்ளங்காலும் லைன் தோழிகளும்

2023 தைப்பூசத்துக்கு, மலேசியாவில் எங்கள் பினாங்கில், முருகனின் வெள்ளித் தேருக்குப் பின்னால் லெபோ பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது வலது உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கறுப்புத் தடம் தெரிந்தது. ரோட்டுத் தார் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், கல்லால் உரசினேன். போகவில்லை.

பிறகு நடக்கும்போது லேசாக உறுத்த ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். ஆணிக்கால் என்று சொல்லி ஒட்டுப் பிளாஸ்டர் கொடுத்தார்கள். நான்கு மாதம் அதை ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அதைக் கண்டுபிடித்தது என் தோழி. ஜூன் மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி எல்லாரும் பாயில் உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டிருந்தோம். என் காலுக்கு வைக்கப் பாதத்தைத் திருப்பியவள் அப்படியே கையை நிறுத்திவிட்டாள். நானும் அவளும் பாயான் லெப்பாஸில் ஒரே ஃபேக்டரியில், ஒரே லைனில் 27 வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். மைக்ராஸ்கோப்பில் சிப்பைப் பார்த்து, இது நல்லது, இது ரிஜெக்ட் என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை. கைப்பேசி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது ஆணி இல்லடி. ஓரத்தப் பாரு, கிழிஞ்ச வாழையில மாதிரி இருக்கு. ரெண்டு கலர் வேற. இப்படி ஒரு பீஸ் வந்தா நீ பாஸ் பண்ணுவியா?"

மகள் கல்யாணம் முடிந்த மறுநாள், வீட்டில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை, என்னை அழைத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கக் கிளினிக்குக்கு, வந்துவிட்டாள். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அங்கே இருந்த இளம் டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

தோல் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் கருவியைப் பாதத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் செய்த வேலையைக் கேட்டதும் கருவியை எங்களிடமே நீட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கால் தோலைப் பெரிதாக்கினால் கைரேகைபோல மேடும் பள்ளமுமாக வரிகள் தெரியும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மேட்டு வரியில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது மேட்டில் ஓடியது. தோழி ஒன்றும் பேசவில்லை, என் தோளை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: மெலனோமா, தோல் புற்றுநோய். நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது, அது வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில் வரும் இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகமும் இந்த இடங்களில்தான் வருமாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில் வந்ததும் இதுதான். அவர் 1981இல் 36 வயதில் போய்விட்டார். முதலில் அதைப் பந்து விளையாடியதில் பட்ட காயம் என்று நினைத்தார்களாம். எனக்கு ஒட்டிய பிளாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என் கட்டியின் ஆழம் 1.4 மில்லிமீட்டர். இந்த நோயில் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். காரில் திரும்பும்போது தோழி கணக்குப் போட்டாள்: "1400 மைக்ரோன்டி. நம்ம கணக்குல இது பெரிய மலை." அவள் அழுதுகொண்டே சொன்னாள், நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த நோய்க்காலத்தில் எனக்கு வந்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மூச்சு சரியாக இறங்கியது.

ஆகஸ்டில் ஆபரேஷன். கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். நோய் பாதத்தைவிட்டு வெளியேறினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கப் பாதத்தில் நீல மை ஊசி போட்டு, தொடை இடுக்கில் சின்னதாகக் கீறி எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று மிஸ்ஸி (நர்ஸ்) முன்னாலேயே சொல்லியிருந்தார். தோழிகளிடம் அதைச் சொன்னேன். எங்கள் பழைய லைன் லீடர், நாங்கள் காக் (அக்கா) என்று கூப்பிடும் மலாய்க்காரர், வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நாசி கெராபு என்ற நீலச் சோற்றுக்கு இனி நீலப் பூ பறிக்கத் தேவையில்லை என்றார். சிரித்ததில் இடுக்குத் தையல் சுரீரென்று இழுத்தது. அன்றிலிருந்து யாராவது பேச வாயைத் திறந்தாலே தலையணையை எடுத்து வயிற்றோடு அழுத்திக்கொள்வேன்.

என் வீடு லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் நான்காவது மாடி. கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். அதற்குமேல் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குத் தோழிகள் மூன்று பேரும் வந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் இருக்கும் மருதாணிக்காரியின் தரை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று பேர் பேராக எழுதியிருந்தது. ரிட்டயர் ஆன பிறகும் இவர்களுக்கு ஷிப்ட் விடவில்லை. காக் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வந்து காலை ஷிப்ட் பார்ப்பார். எங்கள் சீனத் தோழி மதியத்துக்கு வருவாள். ராத்திரி வீட்டுக்காரி.

காயம் ஆற விரால் மீன் நல்லது என்பது இங்கே எல்லா இனத்துக்கும் பொதுவான நம்பிக்கை. முதல் வாரத்தில் மட்டும் விரால் மூன்று விதமாக வந்தது: காக்கின் மஞ்சள் போட்ட சூப், சீனத் தோழியின் இஞ்சிச் சூப், வீட்டுக்காரியின் மிளகு ரசம். மூன்று பேரும் எதிரே நின்று எது நல்லா இருக்கு என்று கேட்டார்கள். மூன்றிலும் மீன் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். டாக்டர், புரதம் உள்ள எந்தச் சாப்பாடும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

இதே ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகமாக எரியும். யாரும் எனக்கு முன்கூட்டி அழுத்திச் சொல்லவில்லை. ரோட்டில் விழுந்து சிராய்த்ததுபோல, ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு. கட்டு மாற்றப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புநீரில் நன்றாக ஊறவைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஒட்டின தோல் பிடிக்கிற வரைக்கும் கால் தலையணைமேல் உயரமாக இருக்க வேண்டும். எனக்கு முதல் கட்டை ஆறாம் நாள் பிரித்தார்கள். தோல் ரோஜா நிறத்தில் பிடித்திருந்தது. அதற்குப் பிறகும் பல வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, கைத்தடி இரண்டோடுதான் நடை.

பார்க்க வந்தவர்களில் சிலர் மோசம். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு, ஆறு மாசந்தான்" என்று ஒரு அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். வீட்டுக்காரி அன்றைக்கே வாசலில் ஒரு தாளை ஒட்டினாள்: உள்ளே வருகிறவர் ஒரு சிரிப்புக் கதை கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஒரு டஜன் முட்டை. எனக்கு நிறைய முட்டை சேர்ந்தது. கதையும் சேர்ந்தது. ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தவறவிட்டு டெப்போவரை போனவள் கதை, சுத்த அறை உடுப்புக்குள் எறும்பு புகுந்த கதை. எல்லாம் எனக்குத் தெரிந்த கதைகள்தான். தெரிந்த கதையில் வலியில்லாமல் சிரிக்கலாம், எங்கே சிரிப்பு வரும் என்று தெரிவதால் தலையணையை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம்.

அவர்கள் எப்போதும் சிரிக்கவைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி நான் விசும்ப ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. மகன் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்றுதான் அழுகை. வீட்டுக்காரி வந்தாள். ஆறுதல் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, நல்ல காலின் பக்கம் உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. எந்த நேரத்தில் சிரிப்பு வேண்டாம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் பகலில் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னால் மனசோடு சிரிக்க முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, நெறிக்கட்டியிலும் இல்லை. வெளியே வந்து காக்குக்குப் போன் போட்டோம். "கியூசி அபா சாகாப்?" என்றார், கியூசி (ஃபேக்டரியில் தரம் பார்க்கிற பிரிவு) என்ன சொல்லுது என்று. "பாஸ்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

2024 தைப்பூசத்துக்கு நான் நடக்கவில்லை. மெத்தென்ற உள்பட்டை வைத்த செருப்போடு தண்ணீர்ப்பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். ஒட்டின தோலுக்குத் தினமும் ஈரப்பசைக் களிம்பு, சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டாக்டர் ஒவ்வொரு முறையும் பாதத்தையும் இடுக்கையும் உடம்பு முழுக்கவும் பார்ப்பார்.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு பிறை வீட்டில் கூடுகிறோம். கோப்பி குடித்து முடித்ததும் நான்கு பேரும் பெஞ்சில் காலை நீட்டுவோம், மொத்தம் எட்டு பாதம். காக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைப்பேசி விளக்கோடு ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்ப்பார். போன மாதம் சீனத் தோழியின் இடது பாதத்தில் ஒரு சின்ன மச்சம் கண்ணில் பட்டது. யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே அழைத்துப் போனோம். டாக்டர் கருவியை வைத்துப் பார்த்தார். நிறம் பள்ளத்தில்தான் ஓடியது.