நிலையான பக்கங்களும் டைனமிக் பக்கங்களும் ஒரே முகவரியில்: எஞ்சின்எக்ஸ் அமைத்துப் பார்த்த அனுபவம்

ஹெச்டிஎம்எல் கோப்புகளாக ஏற்கெனவே இருந்த கட்டுரைகளையும், பைத்தானில் எழுதிய புத்தகப் பட்டியல் செயலி ஒன்றையும் ஒரே முகவரியின்கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற வலைச் சேவையக மென்பொருளைப் பயன்படுத்தினேன். செயலி, பைத்தான் செயலிகளை இயக்கும் கூனிகார்ன் என்ற சேவையகத்தின் வழியாக 8000ஆம் போர்ட்டில் இயங்குகிறது, அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்பதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை எதுவும் எஞ்சின்எக்ஸைக் கடந்தே அதனை அடையும்.

எந்தக் கோரிக்கைக்கு யார் பதில் சொல்வது என்பதே இதில் முதன்மையான கேள்வி. 'ட்ரை ஃபைல்ஸ்' கட்டளையை மட்டும் நம்பி, கோப்பு வட்டில் இருந்தால் அதைக் கொடுப்பது, இல்லையென்றால் செயலிக்கு அனுப்புவது என்று முதலில் அமைத்தேன். அது வேலை செய்தது. ஆனால் அழிக்கப்பட்ட ஒரு படத்தை உலாவி கேட்டாலும் அந்தக் கோரிக்கை செயலிவரை சென்று, 404 (கிடைக்கவில்லை) என்று சொல்வதற்காகவே அங்கே கோரிக்கைகளைக் கையாளும் ஒரு வொர்க்கரைப் பிடித்துவைத்தது. ஆகவே படங்கள், சிஎஸ்எஸ் கோப்புகள் ஆகியவற்றுக்கு 'ஸ்டாட்டிக்' என்ற தனிப் பாதையை ஒதுக்கி, அங்கே கோப்பு இல்லாவிட்டால் எஞ்சின்எக்ஸே 404 தரும்படி மாற்றினேன். கட்டுரைகளுக்கு மட்டும் பழைய முறை தொடர்கிறது.

அந்தத் தனிப் பாதையில், கோப்புகள் உள்ள கோப்புறையைக் குறிக்கும் 'ரூட்', 'அலையஸ்' என்ற கட்டளைகள் இரண்டையும் இட்டுப் பார்த்தேன். 'ரூட்' கோரிக்கையின் முழுப் பாதையையும் கோப்புறையின் பின்னால் ஒட்டுகிறது. 'அலையஸ்' பொருந்திய பகுதியை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் கோப்புறையை வைக்கிறது. 'அலையஸ்' கோப்புறை சாய்கோட்டில் முடிந்து, லொக்கேஷன் பாதை (கட்டமைப்பில் குறிப்பிடும் முகவரிப் பகுதி) மட்டும் அவ்வாறு முடியாமல் இருந்தால், பாதைப் பெயரை ஒட்டி இரண்டு புள்ளிகளை இட்டே ஒருவர் மேல் கோப்புறையில் உள்ளவற்றைப் படித்துவிடலாம். இந்த ஆபத்தைக் கருதி, கோப்புறை அமைப்பு இடம்கொடுக்கும் வரையில் 'ரூட்' ஒன்றே போதும் என்பது என் கருத்து.

செயலியின் பக்கங்கள் சரியாக வந்தபோதிலும், அது உருவாக்கிய முழு இணைப்புகளில் தளத்தின் பெயருக்குப் பதிலாக 127.0.0.1:8000 என்றே இருந்தது. கோரிக்கையைச் செயலிக்குக் கடத்தும் 'ப்ராக்ஸி பாஸ்' கட்டளை, தன்னிடம் கொடுக்கப்பட்ட முகவரியையே ஹோஸ்ட் தலைப்பாக (கோரிக்கை எந்தத் தளத்துக்கு என்று சொல்லும் வரியாக) அனுப்புவதுதான் இதற்குக் காரணம். மூலக் கோரிக்கையின் ஹோஸ்ட்டை அனுப்புமாறு ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. ஹெச்டிடிபிஎஸ் வழியாக வந்த கோரிக்கை என்பதைத் தெரிவிக்கும் தலைப்பையும் அதோடு சேர்ப்பது நல்லது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கட்டமைப்பைச் சோதிக்கும் கட்டளையை இயக்கி, பிழையில்லை என்று கண்ட பின்னரே ரீலோட் செய்தேன். இப்போதைக்கு எஞ்சியிருப்பது அட்டைப்படப் பதிவேற்றம்: கோரிக்கையின் உடல் அளவுக்கு எஞ்சின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி என்பதால், பெரிய படங்கள் செயலியைத் தொடாமலே 413 பிழையுடன் திரும்புகின்றன. வரம்பைத் தளம் முழுவதற்கும் உயர்த்தாமல், பதிவேற்றப் பாதைக்கு மட்டும் 10 எம்பி என்று வைக்கவிருக்கிறேன்.