இடது பக்கம் இழுத்த வண்டி

ஜூன் 3

கார் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது வாரம். இத்தனை நாளும் சக்கரம் கழற்றுவது, மாட்டுவது மட்டும்தான். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கடைசியில் குறித்த அளவு இறுக்க டார்க் ரெஞ்ச். கை பழகிவிட்டது.

இன்று முதல்முறையாக முன்பக்க பிரேக் பேட் மாற்ற விட்டார்கள். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் அது ஹோஸிலேயே, அதாவது பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயிலேயே தொங்கியது. மாஸ்டர் ஒரு கம்பித் துண்டை வளைத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டி, காலிப்பரை அதில் தொங்கவிட்டார். "ஹோஸ் சுமை தூக்க வந்ததில்லை, தம்பி." உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாதாம். தூசியை ஏர் அடித்து ஊதப் போனேன், அதற்கும் தடை. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

ஜூன் 4

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்றைய வேலையை முடித்து, வண்டியை நானே வெளியே எடுத்தேன். பிரேக் மிதித்தால் பெடல் அடி வரை போகிறது! ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

புது பேட் தடிமன் என்பதால், காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுகிறோம். வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து, பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடும்படி செய்ய வேண்டும். தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்தேன். மாஸ்டர் திட்டவில்லை. ஸ்டீயரிங்கில் மாட்ட ஒரு அட்டை எழுதச் சொன்னார்: "மிதித்தாயா?" இனி பேட் மாற்றும் ஒவ்வொரு வண்டியிலும் அது தொங்கும். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 9

வகுப்பு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155தான். இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். மூடி திறந்த பாட்டிலை வைத்திருந்து ஊற்றக் கூடாது என்பது இதனால்தான்.

ஜூன் 16

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் பகுதிக்கு மாற்றம். மெஷினைத் தொடும் முன் டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சரியில்லாத வண்டி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் மேல், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தின் மேல் சந்தேகம். அப்புறம் காற்றழுத்தம், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான பால் ஜாயிண்ட், டை ராடு முனை. ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் அளவெடுப்பது வீண்.

திரையில் 0°30' என்று இருந்ததை 0.3 டிகிரி என்று படித்தேன். அரை டிகிரியாம். நிமிடக் கணக்கு, கடிகாரம் மாதிரி அறுபதுக்கு ஒன்று.

ஜூன் 18

இடது பக்கம் இழுக்கிறது என்று ஒரு வண்டி. ரன் அவுட்டுக்காக, அதாவது ரிம்மின் கோணல் அளவைக் கெடுக்காமல் இருக்க, சக்கரத்தைச் சுற்றும்போது இடது முன்சக்கரம் மட்டும் கனமாகச் சுற்றியது. பெரிதாக நினைக்கவில்லை. பின்சக்கரங்களை முதலில் பார்த்து, ஸ்டீயரிங்கை நேராக்கிப் பூட்டி, முன்பக்க டோவைத் திருத்தினேன். திரை முழுக்கப் பச்சை! ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துவிட்டு மாஸ்டரோடு ஓட்டிப் பார்த்தேன்.

இடது பக்கமே இழுத்தது.

ஜூன் 19

காலையில் மாஸ்டர் மறுபடி ஒரு சுற்று ஓட்டச் சொன்னார், முடிந்த அளவு பிரேக் தொடாமல். நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டினார், தொடாமல். மூன்று சக்கரமும் சாதாரணம். இடது முன்சக்கரத்தில் அனல்.

"நேற்று சுற்றும்போது கனமாக இருந்ததா?"

"இருந்தது மாஸ்டர்."

"சொல்லவில்லையே."

ஆறவிட்டுக் கழற்றினோம். வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, உள்பக்கத்தில் தகடு தெரிகிறது. காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்லைடு பின்னும் அதன் ரப்பர் உறையும் புதிது, அதற்கென்று உள்ள கிரீஸ், இரண்டு பக்கமும் புது பேட். டிஸ்க் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்தோம். அதன் ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தது. அட்டையை மாட்டினேன், மிதித்தேன்.

வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. வந்து திரும்ப அளந்தோம். நேற்று நான் எடுத்த பிரிண்டில் ஒரு எண்கூட மாறவில்லை.