எருமை நாக்கும் ஓர் அடைப்புக்குறியும்

ஒகேனக்கல் கெளுத்தியைப் பார்த்து வளர்ந்த பென்னாகரத்துக்காரனான நான், முதுகலை விலங்கியல் ஆய்வேட்டுக்காக, இரு கண்களும் உடலின் ஒரே பக்கத்தில் இருக்கும் கடலின் தட்டைமீன் ஒன்றை இனங்காண ஒப்புக்கொண்டதே துணிச்சல்தான். தலைப்புக்கு ஒப்புதல் ஒரே வாரத்தில் கிடைத்தது. தொல்லை தருமபுரி மீன் கடையில் தொடங்கியது.

பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து மீனை எடுத்த கடைக்கார அண்ணன், "இது எருமை நாக்கு, தம்பி" என்றார். நான் 'நாக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, நாக்கு மீன்களின் சைனோகிளாசஸ் பேரினத்துக்குள்ளேயே இரண்டு நாள்கள் தேடினேன். அவற்றுக்குக் கண்கள் இடப்பக்கம் இருக்கும், வால் துடுப்பு முதுகுத் துடுப்போடு இணைந்திருக்கும். என் மீனுக்கோ கண்கள் வலப்பக்கம், வால் தனி, வாய் பெரிது. முதுகுத் துடுப்பைப் பார்த்து முடிவு செய்யலாமென்றால், சுத்தம் செய்யும்போதே அதை வெட்டியிருந்தார்கள். வெட்ட வேண்டாமென்று முன்பே சொல்லாதது என் பிழை. மறுபடியும் பேருந்து ஏறினேன்.

முழுதாக வாங்கிவந்த இரண்டாம் மீனுக்குக் கண்கள் இடப்பக்கம் இருந்ததைக் கண்டு, இது வேறு இனமோ என்று வெலவெலத்துப் போனேன். ஆனால் அதன் முதுகுத் துடுப்பு, மற்றத் தட்டைமீன்களைப்போலத் தலைமேல் தொடங்காமல், கண்ணுக்கு நன்கு பின்னால் முட்களோடு தொடங்கியது. அதுதான் செட்டோடஸ் பேரினத்தின் அடையாளம். அதில் இடக்கண் மீன்களும் வலக்கண் மீன்களும் கலந்தே காணப்படுகின்றன. இனத்தின் பெயர் செட்டோடஸ் எருமெய். தரங்கம்பாடியில் வழங்கிய தமிழ்ப் பெயரையே ஜெர்மானிய இயற்கையியலாளர்கள் பிளாக்கும் ஷ்னைடரும் 1801இல் லத்தீன் எழுத்தில் பதித்திருந்தார்கள். அண்ணன் சொன்னதில் பாதியைக் காதில் வாங்காததற்குத்தான் இரண்டு நாள் அலைச்சல்.

அத்தோடு முடியவில்லை. அவர்கள் இம்மீனை முதலில் புளூரோநெக்டஸ் பேரினத்தில் வைத்தார்கள். பின்னர் பேரினம் மாறியதால், விலங்குப் பெயரிடல் விதிப்படி அவர்கள் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். தட்டச்சு நிலையத்தில் அந்தக் குறிகளை 'தேவையற்றவை' என நீக்கிவிட்டார்கள்; நானும் பார்க்காமல் கட்டுப்போட்டுக் கொடுத்தேன். பெயர் பிழையென்று ஆய்வேடு திரும்பி வந்தது. கட்டுக்கூலி இரண்டு மடங்கானது. கட்டுப்போடும் முன் இனப்பெயர் வரும் பக்கங்களையாவது நீங்களே ஒருமுறை எழுத்தெண்ணிப் படித்துவிடுங்கள்.

மாதிரிக் குப்பியின் சீட்டை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. சாராயத்தில் மை கரையும் என்பதால் பென்சிலால், அடைப்புக்குறிகளைச் சற்றுப் பெரிதாகவே போட்டு, நானே எழுதி உள்ளே இட்டேன்.