சுகரோடு சேர்ந்து வந்த மனச்சோர்வு: டர்பனிலிருந்து என் அனுபவம்

இன்சுலின் ஆரம்பித்த பிறகு வந்த சோர்வைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஊசி வலி பெரிதே இல்லை. வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு, ராத்திரி தூக்கத்தில் சுகர் இறங்கிவிடுமோ என்ற பயம், டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "உனக்கு சுகராச்சே, சோஜி (ரவை இனிப்பு) சாப்பிடலாமா?" என்று என் தட்டையே பார்க்கிற கண்கள், எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்தில் சுகர் பார்க்கும் மீட்டரைக் கையில் எடுக்கவே வெறுத்துப்போனது.

டாக்டரிடம் போனால் எண்ணைப் பார்த்துவிட்டு "இன்னும் கட்டுப்பாடு வேண்டும்" என்பதோடு சரி. அப்புறம் வேறொரு கிளினிக்கில் ஒரு நர்ஸ்தான் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா என்று கேட்டார். சர்க்கரை நோயால் மனசுக்கு எவ்வளவு பாரம் என்று அளக்கும் பெய்ட் (PAID) என்ற கேள்வித்தாளையும் தந்தார். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, கூட்டி 1.25ஆல் பெருக்கினால் 100க்கு இவ்வளவு என்று வரும். 40 அல்லது அதற்கு மேல் என்றால் கவனித்தே ஆகவேண்டும். எனக்கு அதற்கும் மேலே. சர்க்கரை நோயைச் சுமப்பதால் வருகிற இந்த மன உளைச்சலும் டிப்ரஷனும் ஒன்றில்லை, ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று சொல்லி, டிப்ரஷனுக்குத் தனியாகவும் கேள்விகள் கேட்டார். அதற்கு மாத்திரை, கவுன்சலிங் என்று வேறு வைத்தியம். எனக்கு டிப்ரஷன் இல்லை. நான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொன்னதே அன்றைக்குப் பெரிய மருந்தாக இருந்தது.

ராத்திரி பயத்தை டாக்டரிடம் சொல்லி இன்சுலின் அளவை மாற்றினோம், தூக்கம் திரும்பியது. இன்னொரு விஷயம்: நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் அது பதற்றமாகவும் இருக்கலாம், சுகர் குறைந்ததாகவும் இருக்கலாம், உடம்புக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் மீட்டர். இங்கே தென்னாப்பிரிக்காவில் எண் மில்லிமோலில் வரும், 18ஆல் பெருக்கினால் இந்தியாவில் சொல்லும் மில்லிகிராம் கணக்கு. 4க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சரியாக இருந்தால் மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது பேசுவேன். கவலையும் சுகரை ஏற்றும்; அந்த நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் இருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏன் ஏறுகிறது என்ற புதிர் அதில்தான் கொஞ்சம் விடுபட்டது.

வீட்டில் பேசியதுதான் கஷ்டம். "அத்தை, எண் எவ்வளவு என்று கேட்காதீங்க, இன்னைக்கு எப்படி இருக்கேன்னு கேளுங்க" என்றேன். முதலில் அவர் முகம் வாடிவிட்டது, எனக்கும் சங்கடமாகிவிட்டது. ஆனால் ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றியபோது பக்கத்தில் யாரோ என் கிண்ணத்தைப் பார்த்து ஆரம்பிக்க, "அவளுக்கு அளவு தெரியும்" என்று சொன்னது அத்தைதான்.

எச்பிஏ1சி இன்னும் டாக்டர் சொன்ன இடத்துக்கு வரவில்லை, அது ரத்தத்தில் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, மெதுவாகத்தான் நகரும். உங்கள் கிளினிக்கில் மனசைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். சாகவேண்டும் போலத் தோன்றினால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்வரை காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் சாடாக் (SADAG) என்ற மனநல அமைப்பின் இலவச உதவி எண் இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள்.